சிட்டையைக் காட்டாத ஐந்தொகை

 

வியாபாரம் செய்கிறவன் யாராயினும், வருஷக் கடைசியில் கணக்குப்பிள்ளை எழுதி நீட்டும் ஐந்தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்து விடுவதில்லை. மொத்தத்தில் ஐயம் தட்டினால் பேரேட்டைப் புரட்டுகிறான். பேரேட்டிலும் தெளிவு பிறக்காவிட்டால் அன்றாடச் சிட்டையை எடுத்துவரச் சொல்கிறான். ஏனெனில் ஐந்தொகை என்பது முடிவு. சிட்டை என்பது நடந்தது. முடிவை எழுதியவன் பரம யோக்கியனாகவே இருக்கலாம். ஆனால் கூட்டலில் கை தவறுவதற்கு யோக்கியதை தடையல்ல. ஒரு சரக்கை இரண்டு தடவை எழுதிவிடுவதற்கும், ஒரு ரசீதை விட்டுவிடுவதற்கும் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. இது நம் கடைகளில் வேலை பழகும் பையனுக்கும் தெரிந்த பாடம்.

இந்தச் சின்னப் பாடத்தைக் கோர்ட்டு வாசலுக்குக் கொண்டுபோனால் அது பெரிய கேள்வியாகி விடுகிறது. இரண்டு தரப்பாருக்குள் ஒரு தகராறு. கூட்டு வியாபாரம் பிரிகிறது. அல்லது பக்கத்து மனையில் கட்டடம் எழும்பியதால் நம் கடைச் சுவர் விரிசல் விட்டது. அல்லது கிட்டங்கியில் தீப்பிடித்து, தீ எங்கிருந்து கிளம்பியது என்பதே வழக்காகிவிட்டது. இவை நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதிகளல்ல. ஆகவே கோர்ட்டார் ஒரு கணக்காய்வாளரையோ பொறியாளரையோ நிபுணராக நியமிக்கிறார்கள். அவர் வருகிறார், பார்க்கிறார், அளக்கிறார், எண்ணுகிறார், சிலரை விசாரிக்கிறார், தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகு தம் இடத்துக்குப் போய் யோசித்து ஓர் அறிக்கை தயாரிக்கிறார். அறிக்கை நம் கைக்கு வந்து சேருகிறது. குறிப்பேடு?

வழக்கு விசாரணைக்கு வருமுன்னே அந்தக் குறிப்பேட்டைக் காட்டும்படி கேட்க நமக்கு நியாயமுண்டா? அது அவருடைய சொந்தச் சொத்தா? அல்லது இரு தரப்பாரின் பொருட்டு அவர் கையில் இருக்கும் அமானிதமா? இதையே இந்தக் கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

முதலில், நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். மலேசியாவில் 2012ஆம் வருஷத்துக் கோர்ட்டு விதிகளில் 40ஆவது கட்டளை, கோர்ட்டு நியமிக்கும் நிபுணரைப் பற்றியது. தரப்பார் கேட்டுக்கொண்டால் கோர்ட்டார் சுயேச்சையான ஒரு நிபுணரை நியமிக்கலாம். கூடுமானால் அவர் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஆளாக இருக்கவேண்டும்; ஒப்பாவிட்டால் கோர்ட்டாரே ஒருவரைக் குறிப்பிடுவார்கள். அவர் அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்ப, அதன் பிரதி தரப்பாருக்கு வரும். பிரதி கிடைத்த 14 நாட்களுக்குள் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கலாம். அறிக்கையில் எல்லாத் தரப்பாரும் ஏற்காத பகுதி, கோர்ட்டாருக்குக் கிடைத்த தகவலாக மட்டுமே கொள்ளப்பட்டு, அதற்குத் தகுந்த மதிப்பு தரப்படும். அவருடைய ஊதியத்துக்கு இரு தரப்பாரும் சேர்ந்தே பொறுப்பு.

அதே கட்டளையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இன்னொரு விதி உண்டு. ஏதேனும் ஒரு பரிசோதனை செய்துபார்த்தால்தான் சரியான அறிக்கை தரமுடியும் என்று நிபுணர் கருதினால், அதைத் தரப்பாருக்குத் தெரிவிக்கவேண்டும். செலவு என்ன, யார் யார் கூட இருப்பது என்பதை அவர்களோடு பேசி ஏற்பாடு செய்யவேண்டும். பேச்சு ஒத்து வராவிட்டால் கோர்ட்டார் தீர்த்து வைப்பார்கள். அதாவது, சோதனை நடக்கும்போது நாமோ நம் ஆளோ பக்கத்தில் நிற்பதைச் சட்டமே எதிர்பார்க்கிறது. ஆனால் அவருடைய குறிப்பேட்டைப் பற்றித் தனியே ஒரு வரியும் அங்கு இல்லை.

சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய கோர்ட்டு விதிகள் அமலில் இருக்கின்றன. அங்கே 12ஆவது கட்டளை, தரப்பார் இயன்றவரை ஒரே பொது நிபுணரை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற வழியில் போகிறது. ஆளுக்கொரு நிபுணரை அழைத்துவந்து, ஆளுக்கொரு பக்கம் பேசவைத்து, செலவை ஏற்றுவது போதும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் இரண்டு தராசு இருந்த இடத்தில் ஒரே தராசு வைக்கப்படும்போது, அந்த ஒரு தராசு எப்படி நிற்கிறது என்று பார்க்கவேண்டிய அவசியம் கூடுகிறதேயல்லாது குறைவதில்லை.

நிற்க. குறிப்பேட்டைக் காட்டவேண்டியதில்லை என்று சொல்பவர்களின் நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். அவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்.

ஒன்று, நிபுணர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவரல்லர். கோர்ட்டார் நம்பி நியமித்தவர். அவருடைய குறிப்பைத் தோண்டுவது அவரை அவமதிப்பதாகும். இரண்டு, மனிதன் யோசிக்கும்போது பல தினுசாக எழுதுவான், அடிப்பான், மறுபடி எழுதுவான். அடித்ததையெல்லாம் வெளியே எடுத்துவைத்து, 'இப்படி எழுதினீரே, ஏன் மாற்றினீர்?' என்று குடைந்தால் எந்த நல்ல நிபுணர் இந்த வேலைக்கு வருவார்? மூன்று, காகிதங்களைக் கேட்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. பணமுள்ள தரப்பு கேட்டுக்கொண்டே இருக்கும்; பணமில்லாத தரப்பு காத்துக் காத்து வாடிப்போகும்.

மூன்றும் தள்ளிவிடக்கூடிய வாதங்களல்ல. ஆயினும் முதல் வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கு சாட்சி.

பிரான்சு தேசத்தில் நான்சி என்ற ஊர். அங்கே ஒரு தம்பதியின் மகளுக்கு விரலில் நகச்சுற்று வந்தது. நம் வீடுகளில் எலுமிச்சம்பழத்தைச் சொருகிவிட்டு மறந்துவிடுகிற நகச்சுற்றுதான். அந்தப் பெண்ணுக்கு அது முற்றி, அறுவைச் சிகிச்சை ஒன்றல்ல, பல நடந்தன. ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து. 1982இல் அந்தப் பெண் இறந்துபோனாள். மயக்க மருந்தை மேலும் மேலும் கொடுத்ததே காரணம் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். கோர்ட்டார் ஒரு மருத்துவ நிபுணரை நியமித்தார்கள். அவர் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களை விசாரித்தார், தஸ்தாவேஜுகளைப் பார்த்தார். விசாரணை எந்த நாளில் என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. அவர் பார்த்த காகிதங்களையும் அவர்களுக்குக் காட்டவில்லை. அறிக்கை முடிந்து கோர்ட்டுக்குப் போன பிறகே அவர்கள் கையில் அது கிடைத்தது. அறிக்கை மருத்துவமனைக்குச் சாதகமாயிருந்தது. வழக்கும் அப்படியே முடிந்தது.

பெற்றோர் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1997 மார்ச் 18ஆம் தேதி அந்த நீதிமன்றம் அவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. காரணம் மிகத் தெளிவானது. நிபுணரிடம் கேட்கப்பட்ட கேள்வியும், கோர்ட்டு தீர்க்கவேண்டிய கேள்வியும் ஏறத்தாழ ஒன்றே. அதுவோ நீதிபதிகளுக்கு அறிமுகமில்லாத மருத்துவத் துறை. ஆகவே அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ, தீர்ப்பும் அந்தப் பக்கம் சாயும். அப்படியிருக்க, அறிக்கை எழுதி முடிந்தபின் 'உங்கள் ஆட்சேபத்தைச் சொல்லுங்கள்' என்பது உண்மையான வாய்ப்பாகாது. அறிக்கை தாக்கலாகும் முன்னேதான் அவர்கள் பேசியிருக்க முடியும்.

அந்த நிபுணர் கெட்டவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அவர் முடிவு தப்பு என்றும் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளை எப்படி இறந்தாள் என்று விசாரிக்கிற அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்; அது நியாயமல்ல என்றே சொன்னது. நியமித்தவர்களின் நம்பிக்கை வேறு, தீர்ப்புக்கு உட்படுகிறவர்களின் உரிமை வேறு. முன்னது இருப்பதால் பின்னது தேவையில்லை என்றாகிவிடாது.

இன்னோர் உதாரணம் நம் துறைமுக ஊர்களுக்கு நெருக்கமானது, கப்பல் சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தில் டிரினிட்டி ஹவுஸ் என்று ஒரு பழைய ஸ்தாபனம். எட்டாம் ஹென்றி அரசர் 1514இல் அதற்குச் சாசனம் கொடுத்தார். கடலில் பழுத்த கப்பல் தலைவர்கள் அதில் 'மூத்த சகோதரர்கள்' என்ற அந்தஸ்தில் இருக்கிறார்கள். இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்ட வழக்குகளில் அவர்கள் நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்த நேரத்தில் ஒரு நல்ல மாலுமி இப்படிச் செய்திருப்பான்' என்று யோசனை சொல்வது நெடுநாளைய வழக்கம். அவர்கள் உட்கார்ந்தால், கப்பலோட்டும் விஷயத்தில் தரப்பார் தங்கள் நிபுணரை அழைத்துவந்து சாட்சி சொல்ல வைப்பதற்கில்லை. நீதிபதி என்ன கேட்டார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது தரப்பாருக்குத் தெரியவருவதும் தீர்ப்பில்தான்.

2004ஆம் வருஷம் 'போ ஸ்பிரிங்', 'மன்சானில்லோ 2' என்ற இரண்டு கப்பல்களின் மோதல் வழக்கு இங்கிலாந்தின் மேல்முறையீட்டுக் கோர்ட்டுக்கு வந்தபோது, இந்தப் பழைய வழக்கம் இனிச் சரிப்படாது என்று அங்கே சொல்லப்பட்டது. துணை நிபுணர்களிடம் கேட்கும் கேள்விகளும், அவர்கள் தரும் பதிலும் இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். தீர்ப்புக்கு முன்னே அதைப்பற்றி அவர்கள் சொல்லவேண்டியதைச் சொல்ல இடமளிக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

கவனியுங்கள், சகோதரர்களே! அந்த மாலுமிகளின் நாணயத்தை யாரும் சந்தேகித்ததில்லை. நெடுங்காலத்து மரியாதை அவர்களுக்கு இருந்தது. ஆயினும், காதோடு காதாகச் சொல்லப்படும் உண்மைகூட, அதனால் பாதிக்கப்படுகிறவன் காதில் விழாதவரை நியாயமாகிவிடாது என்பதே இதன் சாரம்.

இவ்வளவும் பார்த்தபின், 'அப்படியானால் நிபுணருடைய காகிதம் அத்தனையையும் திறந்துவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். மேலே சொன்ன இரண்டாவது வாதம் வெறும் பயமல்ல என்பதற்கும் அனுபவம் சாட்சி சொல்கிறது.

அமெரிக்காவில் கோர்ட்டு நியமிக்காமல், தரப்பாரே கூலி கொடுத்து அமர்த்தும் நிபுணர்களைப் பற்றி இந்தச் சோதனை நடந்தது. 1993இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நிபுணருடைய முன்வரைவுகளையும் வழக்கறிஞரோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தையும் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கலாம் என்ற நிலை பரவலாக ஏற்பட்டது. நோக்கம் வெளிச்சம். விளைந்ததோ இருட்டு. நிபுணர்கள் எதையும் எழுதிவைக்க அஞ்சினார்கள். குறிப்பெடுக்காமல் வாயாலேயே பேசிக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் யோசனைக்கு ஒரு நிபுணரும் சாட்சிக்கு ஒரு நிபுணருமாக இருவரை அமர்த்தி, யோசனை அத்தனையையும் முதலாமவரோடு வைத்துக்கொண்டார்கள். செலவு பெருத்தது, உண்மை பெருகவில்லை. கடைசியில் 2010 டிசம்பர் முதல் தேதி விதியை மாற்றி, முன்வரைவுகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள்.

ஆனால் அப்போதும் மூன்று கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். நிபுணருக்கு எவ்வளவு ஊதியம் என்பது ஒன்று. அவர் அபிப்பிராயத்துக்கு ஆதாரமாகக் கொண்டவற்றில் வழக்கறிஞர் கொடுத்த தகவல் என்ன என்பது இரண்டாவது. 'இதை இப்படி வைத்துக்கொள்ளும்' என்று வழக்கறிஞர் சொல்லி, நிபுணர் நம்பிய அனுமானம் எது என்பது மூன்றாவது. அதாவது, அவர் மனத்தில் ஓடிய யோசனை அவரோடு. அவர் கையில் வந்து சேர்ந்த பொருள் எல்லோருக்கும்.

நம்முடைய கேள்விக்கு விடை இந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று நமக்குப் படுகிறது. ஓர் உதாரணத்தை வைத்து இதை விளக்குவோம்.

அண்ணனும் தம்பியும் முப்பது வருஷம் நடத்திய ஜவுளிக் கடை பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டு அனுப்பிய கணக்காய்வாளர் கிட்டங்கிக்கு வருகிறார். அவருடைய அறிக்கையில், 'சரக்கிருப்பு கணக்கிடப்பட்டது. மதிப்பு 180,000 ரிங்கிட்' என்று ஒரு வரி இருக்கிறது. அவருடைய குறிப்பேட்டில் அதே நாளில் இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் வரி: 'முன் அடுக்குகள் எண்ணியாயிற்று. பின் அறை பூட்டியிருந்தது, சாவி வரவில்லை. கிராணி சொன்ன எண்ணிக்கையை எழுதிக்கொண்டேன்.' இரண்டாவது வரி: 'தம்பி சொல்வதை நம்ப முடியவில்லையோ?' இந்த இரண்டாவது வரியை அவர் பிறகு அடித்துவிட்டார்.

இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே பேனாவால் எழுதப்பட்டவை. ஆனால் இரண்டும் ஒரே ஜாதி அல்ல. முதல் வரி அவர் கண்டதும் காணாததும். அது இல்லாமல் 'கணக்கிடப்பட்டது' என்ற சொல்லை யாராலும் சோதிக்க முடியாது. பின் அறையில் எத்தனை கட்டு இருந்தது என்பதை அந்தக் கிராணியின் வாய்தான் தீர்மானித்தது; அந்தக் கிராணி யார் பக்கத்து ஆள் என்பது கணக்காய்வாளருக்குத் தெரியாது, அண்ணன் தம்பிகளுக்குத்தான் தெரியும். விசாரணைக்கு முன்னே அந்த வரியைப் பார்த்தால், பூட்டைத் திறந்து மறுபடி எண்ணிவிடலாம், அரைநாள் வேலை. பார்க்காமல் போனால், முப்பது வருஷ உழைப்பு ஒரு பூட்டிய அறையின் பேரில் பங்காகிவிடும்.

இரண்டாவது வரி அப்படிப்பட்டதல்ல. அது ஒரு மனிதன் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. அவரே அதைத் தள்ளிவிட்டார். அதை வெளியே இழுத்தால் தம்பியின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வாதாடுவார். அடுத்த வழக்கில் அந்தக் கணக்காய்வாளர் குறிப்பேடே வைத்துக்கொள்ள மாட்டார். முதல் வரியும் அதோடு போய்விடும். ஆகவே இரண்டாவது வரியைக் கேட்கிறவன், தனக்கே தெரியாமல் முதல் வரியைக் கொல்கிறான்.

எனவே நாம் சொல்வது இது: நிபுணர் கண்டது, அளந்தது, எண்ணியது, எடுத்த படம், வாங்கிய காகிதம், யாரிடம் என்று என்ன கேட்டார் என்ற விவரம் ஆகிய இவை அமானிதம், இரு தரப்பாருக்கும் ஒரே நேரத்தில், விசாரணைக்கு முன்னே திறக்கப்படவேண்டும். அவர் யோசித்தது, அடித்தது, திருத்தியது அவருடையது. எந்த வரி எந்த ஜாதி என்று தகராறு வந்தால், அந்தப் பக்கத்தை நீதிபதி தாமே முதலில் பார்த்துத் தீர்க்கட்டும். கூலி இரு தரப்பாரும் சேர்ந்து கொடுத்து எண்ண வைத்த எண்ணிக்கையை, இரு தரப்பாரும் பார்க்கக்கூடாது என்பதற்கு நியாயம் ஒன்றும் நமக்குத் தென்படவில்லை.

இனி மூன்றாவது வாதம், அதாவது முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே போவது. இதில் வியாபாரிகளாகிய நாம் இரண்டு பக்கத்தையும் யோசிக்கவேண்டும். ஏனெனில் இன்று கேட்கிறவர்கள் நாமாக இருந்தால், நாளை கேட்கப்படுகிறவர்களும் நாமே. நிபுணர் நம் கடைக்கு வந்தால் அடக்கவிலையைப் பார்ப்பார். எந்த ஊரில் யாரிடம் சரக்கு எடுக்கிறோம், எத்தனை நாள் கடன், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் அவர் குறிப்பில் ஏறிவிடும். எதிர்த்தரப்பு நம் தெருவிலேயே கடை வைத்திருப்பவராக இருந்தால், வழக்கில் தோற்றாலும் அந்தக் குறிப்பு கிடைத்ததே அவருக்கு லாபம். வழக்கைச் சாக்காக வைத்து வியாபார ரகசியத்தை வேவு பார்ப்பது, கள்ளச் சாவி போட்டுக் கல்லாவைத் திறப்பதற்கு ஒப்பானது.

சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. வழக்குப் போடுமுன்னே காகிதங்களைக் கேட்க மலேசிய விதிகளில் 24ஆவது கட்டளையின் 7ஏ விதியும், சிங்கப்பூர் விதிகளில் 11ஆவது கட்டளையும் வழி செய்கின்றன. ஆனால் 'ஏதாவது அகப்படுமா பார்ப்போம்' என்று குளத்தில் வலை வீசுகிறவனுக்கு அந்த வழி இல்லை. மலேசிய விதிப்படி, இன்ன காகிதம், அது இன்னார் கையில் இருக்கிறது, வரப்போகும் வழக்குக்கு அது இன்ன விதத்தில் சம்பந்தப்பட்டது என்று சத்தியப் பிரமாணத்தோடு சொல்லிக் கேட்கவேண்டும். மேலும், கோர்ட்டு மூலம் கட்டாயப்படுத்தி வாங்கிய காகிதத்தை அந்த வழக்கைத் தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதை 1977இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டுக் கோர்ட்டு உறுதிப்படுத்தியது. அந்தக் கொள்கை நம் இரு நாட்டுக் கோர்ட்டுகளிலும் மதிக்கப்படுகிறது. அடக்கவிலை போன்ற சங்கதிகளை வழக்கறிஞரும் கணக்காய்வாளரும் மட்டும் பார்க்கலாம், முதலாளி பார்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கக் கேட்பதற்கும் இடமுண்டு.

சட்டம் போடும் வேலி இவ்வளவே. வேலிக்கு உள்ளே நடந்துகொள்ளும் முறை மனிதனுடைய மனச்சாட்சியைச் சேர்ந்தது. கேட்கிறவன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டும்: 'நான் கேட்கும் இந்தக் காகிதத்தை, இதேபோல என் எதிரியும் என்னிடம் கேட்டால் கொடுக்கச் சம்மதிப்பேனா?' சம்மதம் என்றால் அவன் கேட்பது நியாயம். இல்லையென்றால் அவன் தேடுவது உண்மையையல்ல, ஆயுதத்தை.

கடைசியாக ஒரு சங்கதி. கோர்ட்டைவிட அதிகமான தகராறுகள் நம்மவர்களுக்குள் கோர்ட்டுக்குப் போகாமலே தீர்க்கப்படுகின்றன. பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுகிறோம். அவர் இரு பக்கத்துக் கணக்கையும் வாங்கிப் பார்த்து, 'நீ இவ்வளவு கொடு, நீ வாங்கிக்கொள்' என்று முடிக்கிறார். எந்தக் கணக்கிலிருந்து அந்தத் தொகை வந்தது என்று இளையவன் கேட்டால், 'எங்களையே சந்தேகப்படுகிறாயா?' என்று சபையே அவன்மேல் பாய்கிறது. அவன் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போகிறான். தகராறு தீர்ந்ததாக நாம் நினைக்கிறோம். தீர்ந்தது பேச்சுதான், மனத்தாங்கல் அடுத்த தலைமுறைக்கும் போகிறது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

மலேசியாவில் 1972ஆம் வருஷத்து எடை அளவைச் சட்டப்படி நம் கடைத் தராசைச் சோதித்து முத்திரை போடுகிறார்கள். 'எங்களைத் திருடன் என்கிறீர்களா?' என்று நாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முத்திரை போட்ட தராசை வாடிக்கைக்காரர் பார்வையில் படும்படி வைப்பதில் நமக்குப் பெருமையே. தராசை மறைத்து வைத்தால்தான் சந்தேகம் பிறக்கும். நிபுணருக்கும் பெரியவருக்கும் அதே நியாயந்தான். காட்டுகிறவருடைய கண்ணியம் குறைவதில்லை. பார்க்கிறவனுடைய மனம் அடங்குகிறது. தோற்றவனும் 'எண்ணிக்கை சரிதான்' என்று ஒப்புக்கொண்டு எழுந்துபோகிற தீர்ப்பே முழுமையான தீர்ப்பு.

ஆகவே நம் சகோதரர்களில் எவருக்கேனும் கோர்ட்டு நிபுணரின் முன் நிற்க நேரிட்டால், அவரை நியமிக்கும் சமயத்திலேயே தம் வழக்கறிஞர் மூலம் மூன்று விஷயங்களைக் கேட்டு வைக்கும்படி யோசனை சொல்கிறோம். நிபுணர் பார்வையிடும் நாளும் நேரமும் இரு தரப்பாருக்கும் முன்னதாகத் தெரியவேண்டும். ஒரு தரப்பு அவரிடம் கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்தின் பிரதியும் மறுதரப்புக்குப் போகவேண்டும். அவர் கண்டதும் எண்ணியதும் அறிக்கையோடு இணைக்கப்பட்டு, அறிக்கை முடிவாகுமுன் இரு தரப்பாரும் பார்த்துப் பிழை சொல்ல நாள் தரவேண்டும். அறிக்கை வந்தபிறகு குறிப்பேட்டுக்குச் சண்டை போடுவதைவிட, ஆரம்பத்திலேயே இதைக் கேட்டு வாங்குவது சுலபம். யாருக்கும் மனக்கசப்பும் இல்லை.

நம்முள் பெரியவர்களாக இருந்து மத்தியஸ்தம் செய்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தொகையைச் சொல்லுமுன் கணக்கை நடுவில் வையுங்கள். கேட்கிற இளையவனை அதட்டாதீர்கள். அவன் உங்களைச் சந்தேகிக்கவில்லை. தன் பங்கை எண்ணிப் பார்க்கிறான். எண்ணி வாங்குவதில் அவமானம் இல்லை என்று கடையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே!